அனலை ஆளும் நீர்மங்கள்

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் அடங்கியிருக்கிறது. அதை முழுதும் எரித்துப் பெறும் வெப்பம், 30 பாகை செல்சியசில் உள்ள நூறு லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்கு உயர்த்திவிடும். மகிழுந்தின் பொறி இந்த ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கைத்தான், பல வேளைகளில் அதனினும் குறைவாகத்தான், சக்கரங்களைச் சுழற்றும் வேலையாக மாற்றுகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. எஞ்சியது உருளைகளின் சுவர்களிலும் உருளைத்தலையிலும் இறங்குகிறது. நெடுஞ்சாலையில் மணிக்கு நான்கு லிட்டர் பெட்ரோலை எரித்துச் செல்லும் சிறிய மகிழுந்தில், பொறியின் உடலுக்குள் இவ்வாறு இறங்கும் வெப்பம் நொடிக்குப் பத்துக் கிலோஜூலுக்கு மேல் இருக்கும். பொறியைச் சூழ்ந்துள்ள ஐந்து லிட்டர் தண்ணீர் தன் வெப்பத்தை எங்கும் கொட்ட இயலாமல் நின்றுவிட்டால், 30 பாகையிலிருந்து 90 பாகைக்கு அது ஏற இரண்டே நிமிடங்கள் போதும்.

உருளைக்குள் எரியும் வளிமத்தின் வெப்பநிலை கண நேரத்துக்கு 2000 பாகையையும் தாண்டும். அந்த அனலைச் சுற்றி நிற்கும் அலுமினியமோ 660 பாகையில் உருகும் உலோகம்; அதற்கு வெகு முன்னரே, சில நூறு பாகைகளிலேயே, அதன் வலிமை தளரத் தொடங்கும். உருகக்கூடிய உலோகத்துக்குள் உருக்கக்கூடிய நெருப்பை நாள்தோறும் வைத்துக்கொண்டு ஊர் சுற்ற முடிகிறது என்றால், இடையே ஓடும் சில லிட்டர் நீர்மங்களே அதற்குக் காரணம்.

அந்நீர்மங்கள் வெப்பத்தை ஒழிக்க வந்தவை என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் அவை வெப்பத்தை அளவில் நிறுத்துபவை. வெப்பம் மிகுந்தால் உலோகம் நெளியும். குறைந்தால் பொறி தேயும். இந்த அளவு எவ்வாறு காக்கப்படுகிறது என்பதை உணர்ந்தவருக்குப் பேணும் முறைகளைத் தனியே மனப்பாடம் செய்யும் தேவை இராது. ஒவ்வொரு முறையும் ஓர் இயற்பியல் விதியிலிருந்து தானே பிறந்து வருவதை அவர் காண்பார்.

கொதித்து ஆறியதும் ஓடி ஆறியதும்

கார்ல் பென்ஸ் 1886-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் நீர் ஆவியாகியே பொறியை ஆற்றியது. கொதிக்கும் நீர் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 2257 கிலோஜூல் உள்ளுறை வெப்பத்தைத் தன்னோடு சுமந்து காற்றில் கலந்துவிடும். வெப்பத்தை வெளியேற்ற இதைவிடத் திறமையான வழி இல்லை; ஆனால் போன நீர் திரும்பாது. 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெர்த்தா பென்ஸ் தம் மைந்தர் இருவரையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அவ்வண்டியைச் செலுத்தினார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அந்த வழியில் கிணறும் ஓடையும் விடுதியும் கண்ட இடமெல்லாம் நின்று நீர் நிரப்ப வேண்டியிருந்தது.

நீரை இழக்காமல் அதன் வெப்பத்தை மட்டும் இழக்கச் செய்யும் வழியை வில்ஹெல்ம் மைபாக் செம்மைப்படுத்தினார். 1900-ஆம் ஆண்டு இறுதியில் உருவான 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் வண்டிக்கு அவர் அமைத்த தேன்கூட்டு ரேடியேட்டரில் 6 மில்லிமீட்டர்ச் சதுர வாய் கொண்ட 8070 குழாய்கள் அடுக்கப்பட்டிருந்தன. குழாய்களுக்குள் காற்று பாய்ந்தது. அவற்றின் இடுக்குகளில் நீர் ஓடியது. நீரும் காற்றும் ஒன்றையொன்று எதிர்கொள்ளும் பரப்பு பெருகியதால், முன்பு 18 லிட்டர் செய்த வேலையை 9 லிட்டர் செய்து முடித்தது.

இன்றைய ரேடியேட்டரும் இதே கொள்கையில்தான் இயங்குகிறது. தட்டையான அலுமினியக் குழாய்களில் நீர்மம் இறங்க, அவற்றுக்கிடையே மடிந்து நிற்கும் மெல்லிய தகட்டு இதழ்கள் வெப்பத்தைக் காற்றுக்குக் கைமாற்றுகின்றன. ஆகவே அவ்விதழ்களின் தூய்மையே ரேடியேட்டரின் வலிமை. பூச்சிகளும் புழுதியும் படிந்து இதழிடை அடைபட்டால், உள்ளே எவ்வளவு நல்ல நீர்மம் ஓடினும் பயன் இல்லை. பொறி ஆறிய பின் மெல்லிய நீர்த்தாரையைப் பின்புறமிருந்து முன்னோக்கிச் செலுத்திக் கழுவினால் அழுக்கு வந்த வழியே வெளியேறும். பணிமனைகளின் உயரழுத்தத் தாரையை நேரே காட்டினால் இதழ்கள் மடங்கி, அடைப்பை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம்.

மூடிக்குள் இருக்கும் அழுத்தம்

திறந்த கலத்தில் நீர் கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும். ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றழுத்தம் குறைவாதலால், 92 அல்லது 93 பாகையிலேயே கொதித்துவிடும். பொறி நன்கு இயங்கும்போது நீர்மத்தின் வெப்பநிலை 90 பாகையைச் சுற்றியே நிற்கிறது. மலையேற்றத்தில் அதற்கும் மேலே போகும். திறந்த அமைப்பாக இருந்தால் உதகைக்குச் செல்லும் கல்லட்டி மலைச்சாலையில் ஏறும் ஒவ்வொரு வண்டியும் வழியிலேயே கொதித்து நிற்கும். இதைத் தடுப்பது ரேடியேட்டரின் மூடி. வீட்டில் உள்ள பிரஷர் குக்கரைப் போலவே அது நீராவியை அடக்கிக் கொதிநிலையை உயர்த்துகிறது. மூடியின் விற்சுருள் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் ஏறத்தாழ 1 பார் வரை தாங்கிப் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் கடல்மட்டத்தில் 120 பாகை வரையும், உதகை உயரத்திலும் 115 பாகை வரையும் கொதியாமல் இருக்கும்.

அழுத்தம் அந்த எல்லையைக் கடக்கும்போது மூடியின் தடுக்கிதழ் திறந்து, மிகைநீர்மத்தைப் பக்கத்துச் சேமக் கலனுக்கு அனுப்பும். பொறி ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும்; அப்போது மூடியில் உள்ள இன்னொரு சிறிய தடுக்கிதழ் திறந்து, அனுப்பிய நீர்மத்தை மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆறிய பொறியில் ரப்பர்க் குழாய் உட்குழிந்து ஒட்டிக் கிடந்தால், இந்த இரண்டாம் இதழ் சிக்கிக்கொண்டது என்று அறியலாம். விலை குறைந்த ஒரு மூடி கெட்டால் முழுக் குளிர்விப்பு அமைப்பும் கெடும். ஆயினும் அதை மாற்றும் எண்ணம் பலருக்கு வருவதே இல்லை.

சூடான பொறியின் மூடியைத் திறக்கலாகாது என்ற எச்சரிக்கை பெரும்பாலான வண்டிகளில் அச்சிடப்பட்டிருக்கிறது. அதன் பொருளைக் கணக்கிட்டுப் பார்ப்பது நன்று. உள்ளே தண்ணீர் 115 பாகையில் அடங்கி நிற்கிறது என்று கொள்வோம். மூடியைத் திருகிய அக்கணமே அழுத்தம் வளிமண்டல அளவுக்கு வீழும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 பாகைக்கு மேல் நீர்மமாக நிற்க இயலாது. மிகையான 15 பாகை வெப்பம், கிலோகிராமுக்கு ஏறத்தாழ 63 கிலோஜூல், உடனே ஆவியாக்கும் வேலையில் இறங்குகிறது. ஒரு லிட்டரில் 28 கிராம் அளவே ஆவியாகும். சிறிதாகத் தோன்றும் அந்த 28 கிராம் நீராவி, 45 லிட்டருக்கு மேற்பட்ட இடத்தைக் கேட்கிறது. குறுகிய வாயின் வழியே அது வெளியேறும்போது, எஞ்சிய கொதிநீரையும் முகத்தின் மேலும் மார்பின் மேலும் வாரி இறைக்கிறது. 60 பாகை வெந்நீரே சில நொடிகளில் ஆழ்ந்த புண்ணை உண்டாக்கும் என்றால், இதன் கொடுமையைச் சொல்ல வேண்டியதில்லை.

மூடியின் மேல் துணி போட்டுத் திறந்தால் தீங்கில்லை என்பதும் தவறான துணிவு. துணி கையைச் சற்றே காக்கும், அழுத்தத்தைக் குறைக்காது. பொறியை நிறுத்தி அரை மணிக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். மேற்குழாயைத் தொட்டால் கை தாங்கும் சூடு இருக்க வேண்டும். அழுத்தினால் அது விறைப்பின்றி அமுங்க வேண்டும். பல வண்டிகளில் ரேடியேட்டருக்கு மூடியே இராது; பக்கத்தில் உள்ள நெகிழிக் கலனே அழுத்தம் தாங்கும் கலன். அது வெறும் சேமக் கலன்தானே என்று எண்ணிச் சூட்டில் திறப்பவருக்கும் அதே கேடு நேரும்.

நல்ல வேளையாக, அளவு பார்க்க மூடியைத் திறக்கவே தேவையில்லை. கலனின் சுவர் ஒளி ஊடுருவுவது. அதன் மேல் தாழ்ந்த அளவுக்கும் நிறை அளவுக்கும் கோடுகள் உண்டு. காலையில், பொறியைக் கிளப்பும் முன், சமநிலத்தில் நிற்கும் வண்டியில் நீர்மட்டம் இவ்விரு கோடுகளுக்கும் இடையே இருந்தால் போதும். மாதத்துக்கு மாதம் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தால், ஊற்றி நிரப்புவதோடு நிறுத்தலாகாது. அடைத்த அமைப்பில் நீர்மம் தானே குறையாது. அது எங்கோ கசிகிறது. குழாய் இணைப்புகளையும், நீரேற்றியின் அடியில் உள்ள கசிவுத் துளையையும், வண்டி நின்ற தரையையும் பார்க்க வேண்டும்.

தண்ணீர் மட்டும் ஏன் போதாது?

வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீருக்கு நிகரான நீர்மங்கள் அரியவை. ஒரு கிலோகிராம் தண்ணீர் ஒரு பாகை உயர 4.18 கிலோஜூல் வேண்டும். கடைகளில் கூலன்ட் என்று கேட்டு வாங்கும் குளிர்நீர்மத்தின் முதன்மைப் பொருளான எத்திலீன் கிளைக்காலைத் தண்ணீருடன் சரிபாதி கலந்தால், கலவையின் வெப்பம் ஏற்கும் திறன் தண்ணீரினும் குறைந்தே போகிறது. பின் ஏன் அதைக் கலக்கிறோம்?

கடுங்குளிர் நாடுகளில் விடை எளிது. தண்ணீர் 0 பாகையிலும், தூய எத்திலீன் கிளைக்கால் ஏறத்தாழ –13 பாகையிலும் உறைகின்றன. சரிபாதிக் கலவையோ –37 பாகை வரை உறையாது. தமிழகத்தின் சமவெளியில் உறைநிலையைப் பற்றிய கவலை எவர்க்கும் இல்லை. இங்கே அக்கலவையின் பயன் வேறு. அழுத்தம் இல்லாமலே அது 107 பாகை அளவில்தான் கொதிக்கும். மூடியின் அழுத்தமும் சேர்ந்தால் 125 பாகைக்கு மேலும் தாங்கும். அதனினும் பெரிய பயன், அதில் சேர்த்துள்ள அரிமானத் தடுப்பிகள். பொறிக்குள் அலுமினியம், வார்ப்பிரும்பு, எஃகு, பற்றாசு எனப் பல உலோகங்கள் ஒரே நீர்மத்தில் நனைந்து நிற்கின்றன. உப்புக் கரைந்த தண்ணீர் அவற்றுக்கிடையே மின்கலம் போன்ற நிலையை உண்டாக்கி, எளிதில் வினைபுரியும் உலோகத்தை அரித்துத் தின்னும். சிலிக்கேட்டுகளும் கரிம அமிலங்களும் உலோகப் பரப்பில் மெல்லிய காப்பை உண்டாக்கி அதைத் தடுக்கின்றன.

நம் ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நேரே ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. வெந்நீர் காய்ச்சும் கலத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் சுண்ணப் படிவே ரேடியேட்டரின் குழாய்களுக்குள்ளும் படிகிறது. அப்படிவின் வெப்பங்கடத்தும் திறன் அலுமினியத்தின் திறனில் நூறில் ஒரு பங்களவே. தாள் கனத்துக்குப் படிந்தாலும், கண்ணுக்குத் தெரியாத போர்வை ஒன்று உலோகத்துக்கும் நீருக்கும் இடையே விழுந்துவிடும். ஆதலால் அடர்குளிர்நீர்மத்தைக் கலக்க வாலைவடிநீரையோ கனிமம் நீக்கிய நீரையோ கொள்ள வேண்டும். நேரே ஊற்றக் கலந்தே வரும் வகையில் மேலும் தண்ணீர் சேர்க்கலாகாது. கலவை அடர்ந்தால் நன்மை மிகும் என்பதும் மயக்கமே. கிளைக்கால் மிகுந்தால் வெப்பம் சுமக்கும் திறன் தேயும்.

நிறத்தைக் கண்டு குளிர்நீர்மத்தைத் தேர்வது இன்னொரு பிழை. பச்சை, சிவப்பு, நீலம், இளஞ்சிவப்பு ஆகியவை ஆலைகள் தம் விருப்பில் சேர்க்கும் சாயங்கள். அவற்றுக்குப் பொது நெறி இல்லை. பழைய கனிம உப்பு வகை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளும், கரிம அமில வகை ஐந்து ஆண்டுகள் வரையும் உழைக்கும். பொருந்தாத இரண்டைக் கலந்தால் தடுப்பிகள் ஒன்றையொன்று முறித்துக் கூழாகத் திரியக்கூடும். வண்டியின் கையேடு கூறும் வகையே ஏற்றது. அவ்வகை கிடைக்காத வழியில், இடுக்கணுக்குத் தூய நீர் சிறிது சேர்த்துவிட்டுப் பின்னர் முறையாக மாற்றுவது நலம்.

எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். அதுவே அதன் கொடுமை. தரையில் சிந்தியதை நாயும் பூனையும் நக்கும். கைக்கெட்டினால் குழந்தையும் சுவைக்கும். உடலுக்குள் ஈரல் அதை ஆக்சாலிக் அமிலமாக மாற்ற, அது கால்சியத்தோடு கூடிப் படிகமாகிச் சிறுநீரகத்தை அடைத்துச் சிதைக்கும். எஞ்சியதைத் தண்ணீர்ப் புட்டியில் ஊற்றி வைப்பதைப் போன்ற பெரும்பிழை வேறில்லை. சிந்தியதை மணலோ துணியோ இட்டு ஒற்றியெடுத்த பின் நீரால் கழுவ வேண்டும். தவறி விழுங்கியவரை, அறிகுறி தோன்றும் வரை காத்திராமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மெழுகு காக்கும் வாயில்

பொறிக்கும் ரேடியேட்டருக்கும் இடையே தெர்மோஸ்டாட் எனும் சிறு வாயில் இருக்கிறது. செர்ஜியஸ் வெர்னெட் 1930-களில் உருவாக்கிய மெழுகு அமைப்பே இன்றும் பெரும்பாலும் அதை இயக்குகிறது. சிறிய பித்தளைக் கிண்ணத்துக்குள் அடைத்த மெழுகு, குறித்த வெப்பநிலையில் உருகி விரிந்து ஒரு தண்டைத் தள்ளும், வாயில் திறக்கும். மெழுகு ஆறினால் விற்சுருள் அதை மூடும். 82 அல்லது 88 என்பது போன்ற திறப்பு வெப்பநிலை அதன் உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பொறி குளிர்ந்திருக்கும்போது வாயில் மூடியிருப்பதால், நீர்மம் பொறிக்குள்ளேயே சுழன்று விரைவில் சூடேறும்.

"நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குங்க?" என்று கேட்டு இதைக் கழற்றி எறிந்துவிடும் மெக்கானிக்குகள் உண்டு. கழற்றினால் சூட்டுமானியின் முள் தாழ்ந்து நிற்கும். உரிமையாளருக்கும் மனம் நிறையும். உள்ளே நடப்பது வேறு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால், அதன் ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு கூடி ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாகப் பிறப்பிக்கிறது. பெரும்பகுதி புகையோடு போய்விடும். ஒரு சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கும். பொறி உரிய சூட்டில் இயங்கினால் அந்த ஈரம் மீண்டும் ஆவியாகி வெளியேறும். பொறி என்றும் குளிர்ந்தே இருந்தால், அது எண்ணெயில் தங்கி அமிலமாகி உலோகத்தை அரிக்கும். எரியாத பெட்ரோலும் சுவர் வழியே வழிந்து எண்ணெயை நீர்க்கச் செய்யும். வெயில் 40 பாகை. பொறிக்கு வேண்டியதோ 90 பாகை. கோடையிலும் நம் பொறிகளுக்கு அந்த வாயில் தேவைப்படுவது இதனால்தான்.

எண்ணெய் என்னும் தாங்கி

1883-ஆம் ஆண்டில் பொறியாளர் போஷாம் டவர், இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காகச் சுழலும் அச்சுகளின் உராய்வை ஆராய்ந்தார். எண்ணெய் ஊற்றுவதற்காகத் தாங்கியின் உச்சியில் துளையிட்டார். சுழற்சியின்போது அதன் வழியே எண்ணெய் பொங்கி வழிந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளையை அடித்து இறுக்கினார், அதுவும் தள்ளப்பட்டது. அழுத்தமானியைப் பொருத்தியபோது, தாங்கியின் மேல் இருந்த சராசரிச் சுமை அழுத்தத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் முள் ஏறியது. சுழலும் தண்டு எண்ணெயை ஒடுங்கும் இடுக்குக்குள் இழுத்துச் சென்று அழுத்தத்தைப் பிறப்பிக்கிறது என்றும், தண்டு அந்தப் படலத்தின் மேல் மிதக்கிறது என்றும் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் கணிதத்தால் நிறுவினார்.

இன்றும் கிராங்க்ஷாஃப்ட் எனும் வணரித்தண்டு தன் தாங்கிகளில் சில மைக்ரான் கனமுள்ள எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் மிதந்து சுழல்கிறது. எண்ணெய்க்கு வேறு பணிகளும் உண்டு. குளிர்நீர்மம் எட்ட இயலாத பிஸ்டனின் அடிப்புறத்தை ஆற்றுகிறது. கரித்துகளைப் பிடித்து மிதக்க வைக்கிறது. வளையங்களின் இடுக்கை அடைக்கிறது. பாகுத்தன்மை மிகக் குறைந்தால் படலம் அறுந்து உலோகம் உலோகத்தை உரசும். மிக உயர்ந்தால் கிளப்பியவுடன் எண்ணெய் மேலேறத் தாழ்க்கும். 5டபிள்யூ–30 என்னும் குறியீட்டில் முன்னெண் குளிரில் ஓடும் தன்மையையும், பின்னெண் 100 பாகைச் சூட்டில் உள்ள பாகுத்தன்மையையும் குறிக்கும். வெயில் நாடு என்று கருதிக் கையேட்டில் இல்லாத கெட்டி எண்ணெயை ஊற்றுவது, குறுகிய இடுக்குகளோடு வடித்த புதிய பொறிகளுக்கு ஒவ்வாது.

எண்ணெயின் அளவைக் காண, வண்டியைச் சமநிலத்தில் நிறுத்திப் பொறியை அணைத்து, எண்ணெய் தொட்டிக்கு வடிய ஐந்து பத்து நிமிடங்கள் விட வேண்டும். டிப்ஸ்டிக் எனும் அளவுகோலை உருவி, பஞ்சு பிரியாத துணியால் துடைத்து, முழுதும் செருகி மீண்டும் உருவிப் பார்க்க வேண்டும். முதல் முறை உருவும்போது கோலில் தெறித்து ஒட்டிய எண்ணெய் பொய் சொல்லும்; இரண்டாம் முறை தெரிவதே மெய். ஈரக்கோடு இரு குறிகளுக்கும் இடையே நிற்க வேண்டும். பல மகிழுந்துகளில் அவ்விரு குறிகளுக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ ஒரு லிட்டர். ஆதலால் குறைந்தால் ஒரேயடியாக ஊற்றாமல், சிறிது சிறிதாக ஊற்றிப் பார்க்க வேண்டும். மேற்குறியைத் தாண்டினால் சுழலும் வணரித்தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரையால் சுமை தாங்க இயலாது.

கோலின் நுனி அளவோடு பொறியின் நலத்தையும் காட்டும். எண்ணெய் கறுத்திருப்பது மட்டும் கேடன்று. கரியைப் பிடித்துவைக்கும் வேலையை அது செய்கிறது என்பதே பொருள். மாற்றும் காலத்தைக் கையேட்டின் கிலோமீட்டர்க் கணக்கும் மாதக் கணக்கும் முடிவு செய்யட்டும். மோர் போல் வெளிறிக் கலங்கியிருந்தால் எண்ணெயில் குளிர்நீர்மம் கலந்திருக்கக்கூடும். உருளைத்தலையின் கேஸ்கெட் எனும் அடைப்புத் தகடு அற்றிருக்கலாம். பெட்ரோல் மணம் வீசினால் எண்ணெய் நீர்த்துள்ளது. விரலிடை தேய்க்கும்போது உலோகப் பொடி மின்னினால் எங்கோ ஒரு தாங்கி தேய்கிறது. இந்நிலைகளில் வண்டியைத் தொடர்ந்து ஓட்டுவது பெருஞ்செலவை வலிய அழைப்பதாகும்.

இறங்கும் வழியின் நீர்மம்

மலை ஏறும்போது பொறி சூடேறும். இறங்கும்போது பிரேக் சூடேறும். பிரேக் நீர்மம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 எனும் தர வகைக்குப் புதிதில் கொதிநிலை 230 பாகைக்குக் குறையலாகாது, 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 155 பாகையாகத் தாழ்கிறது. கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் மிதியை விடாது அழுத்தி இறங்கினால், பழைய நீர்மம் கொதித்துக் குமிழ் உண்டாகும். நீர்மம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதி தரை வரை போகும், வண்டி நில்லாது. பொறியின் இழுவையே வேகத்தைக் கட்டுப்படுத்தும்படித் தாழ்ந்த கியரில் இறங்குவதும், இரண்டு ஆண்டுக்கொருமுறை அல்லது கையேடு கூறும் காலத்தில் நீர்மத்தை மாற்றுவதும் இதற்குக் காப்பு. கலனில் மட்டம் தாழ்ந்தால் முதலில் பிரேக் கட்டைகளின் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். கட்டை தேயத்தேய மட்டம் இறங்குவது இயல்பு. அதில் மசகெண்ணெய் துளியும் கலக்கலாகாது. ரப்பர் அடைப்புகள் ஊதிக் கெடும்.

வழியில் சூடேறினால்

சூட்டுமானி ஏறுகிறதென்றால் முதலில் குளிரூட்டியை நிறுத்த வேண்டும். அதன் வெப்பங்கொட்டும் சுருள் ரேடியேட்டருக்கு முன்னே நின்று, அதற்குப் போகும் காற்றைச் சுடவைக்கிறது. வண்டிக்குள் வெதுப்பி இருந்தால் அதை முழு அளவில் திறக்க வேண்டும்; அதுவும் ஒரு சிறு ரேடியேட்டரே. உள்ளிருப்போர் வியர்ப்பர், பொறி பிழைக்கும். பாதுகாப்பான இடம் கண்டதும் ஓரம் கட்டி அணைக்க வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தாலோ நீராவி தெரிந்தாலோ இன்னும் சிறிது தூரம் என்று நினைக்கலாகாது. வெப்பத்தால் அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் இரு மடங்கு விரிவது; அலுமினியத் தலையும் இரும்பு உடலும் கொண்ட பொறியில், மிகைச்சூடு தலையை நெளித்து இடையிலுள்ள கேஸ்கெட்டை நசுக்கிவிடும்.

பொறியின் மேல் தண்ணீர் ஊற்றுவது, சூட்டிலேயே உள்ளே பச்சைத் தண்ணீர் நிரப்புவது, இரண்டும் உலோகத்தில் வெடிப்பை உண்டாக்கக்கூடும். மின்விசிறி பொறி அணைந்த பின்னும் தானே சுழலத் தொடங்கக்கூடும். துப்பட்டாவும் தோள்துண்டும் தொங்கும் சங்கிலியும் அதன் அருகே செல்லலாகாது. சூடேறிய சூழலை நினைவில் வைத்தால் பழுதைக் கண்டறிவது எளிது. நெரிசலில் நிற்கும்போது சூடேறி, ஓடும்போது ஆறினால் விசிறியின் மேல் ஐயம் கொள்ளலாம். விரைந்து ஓடும்போதும் ஏற்றத்திலும் சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு, நீரேற்றி, நீர்மக்குறைவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

காட்டிகள் கூறாதவை

மாற்றிய எண்ணெயையும் குளிர்நீர்மத்தையும் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டுவது குற்றம். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு விதிகள் பயன்படுத்திய எண்ணெயைத் தீங்குறு கழிவாகவே கருதுகின்றன. மூடிய கலத்தில் சேர்த்து, மீட்டெடுக்கும் உரிமம் பெற்றோருக்குச் செல்லும் வண்ணம் பணிமனையில் ஒப்படைக்க வேண்டும். பழைய எண்ணெய் தோலில் நெடுநாள் படுவதும் தீது. கையுறை அணிவது நலம்.

இத்தனையும் கையால் திறந்து கண்ணால் பார்ப்பானேன், முகப்பில்தான் காட்டிகள் இருக்கின்றனவே என்று ஒருவர் கேட்கக்கூடும். எண்ணெய் விளக்கு காட்டுவது பெரும்பாலான வண்டிகளில் அழுத்தத்தை, அளவை அன்று. அழுத்தம் வீழ்ந்து அது ஒளிரும்போது, தாங்கிகளின் படலம் அறுபடத் தொடங்கியிருக்கலாம். சூட்டுமானி காட்டுவது உணரியைத் தொடும் பொருளின் வெப்பத்தை. நீர்மம் முழுதும் கசிந்து உணரி வெறுங்காற்றில் நின்றால், உலோகம் வெந்துகொண்டிருக்கும்போதே முள் தாழ்ந்தும் காட்டும். முள் அடிக்கடி ஆடி ஓட்டுநரை அச்சுறுத்தலாகாது என்பதற்காக, அகன்ற வெப்ப எல்லை முழுவதும் அதை நடுவிலேயே நிறுத்திவைக்கும் வண்டிகளும் பல. காட்டிகள் நேர்ந்த கேட்டை அறிவிப்பவை. வரவிருக்கும் கேட்டை அறிவிப்பது கலனின் கோடும் கோலின் நுனியும். மாதம் ஒருமுறையும், நெடும்பயணத்துக்கு முந்திய நாளும், ஆறிய பொறியின் முன் பத்து நிமிடங்கள் நின்று அவ்விரண்டையும் பார்ப்பவர், முள் ஏறும் நிலைக்கு வண்டியைக் கொண்டுபோவது அரிது.